துண்டுக்குள் பிடித்த விரல்

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குணமாகி வீடு திரும்பிய கதை இல்லை. என் மகளின் பேச்சுப் பயிற்சியில் முதல் சுற்று முடிந்திருக்கிறது, அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். இடையில் கிடைத்த இந்த ஓய்வில், தைக்க வந்த ரவிக்கைத் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் போல ஒருத்தி மடியில் பிள்ளையோடு காத்திருப்பாள், அவளுக்கு உதவட்டும் என்று. உதவுமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

மகள் பெயர் கயல்விழி. வயது நான்கு தாண்டிவிட்டது. பேச்சு வரவில்லை என்றதும் எல்லோரும் அவள் காதைத்தான் பார்ப்பார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி வந்தால் எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். புத்தியிலும் குறையில்லை. எந்த ரவிக்கைக்கு எந்த நூல் என்று டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். எல்லாம் புரியும், சொல்ல மட்டும் வராது. "வாய்க்குள்ள நுழையாத பேரா வச்சா பிள்ளை எப்படித்தா பேசும்?" என்று உறவில் ஒருவர் என்னிடம் கேட்டார். மீனா என்று வைத்திருந்தால் மட்டும் மேடையேறிப் பேசியிருப்பாளா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்த வகையில் ஒரு நிம்மதி.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் முருகேசன் மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையை நீட்ட, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும். எந்த விரலை எப்படி அழுத்தினால் எவ்வளவு என்பது அவர்களுக்குள் கணக்கு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதில் முக்கியமான ஒரு மரியாதை உண்டு. கை துண்டுக்குள் போய்விட்டால், விலை படிந்தாலும் படியாவிட்டாலும், பேச்சு முடியும்வரை வெளியே எடுக்கக்கூடாது. பாதியில் கையை உருவுவது எதிராளியை அவமதிப்பது. அப்படி உருவிய தரகரிடம் அப்புறம் யாரும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள்.

கயலுக்குக் கன்றுக்குட்டி என்றால் உயிர். அதனால் போன கோடையில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் அவளையும் சந்தைக்குக் கூட்டிப் போனார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் கை துண்டுக்குள் இருந்தது. பேரம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. முடிந்து குனிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

சந்தை வாசலில் டீக்கடைப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றாளாம். "யாரு பெத்த பிள்ளைத்தா நீ? ஒங்க அய்யா பேரு என்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஊமைப் பிள்ளை என்றிருக்கிறார். இன்னொருவர், வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் பிள்ளையாக இருக்கும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒருவர் அவளைத் தூக்கும் நேரத்துக்கு இவர் ஓடிப் போய்ச் சேர்ந்தார். அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்:

"அழுகல செல்வி. வாய் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எம் பேரைத்தான் சொல்லப் பாத்திருக்கா. சத்தம் வரல."

அன்றைக்குத்தான் எனக்கு பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. அதுவரை, தாமதமாகப் பேசுவாள், எங்கள் வழியில் எல்லோருக்குமே தாமதமாகத்தான் பேச்சு வந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளினோம். அவள் பாட வேண்டாம், கதை சொல்ல வேண்டாம், பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வரவும் வேண்டாம். தொலைந்து போனால் எங்களைக் கூப்பிட ஒரு சத்தம் வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தேனிக்கு அலைச்சல் ஆரம்பித்தது. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். கயல் வாயைத் திறக்க வைத்து, நாக்கைத் தூக்கிப் பார்த்து, நாக்கு அடியில் ஒட்டியெல்லாம் இல்லை, நன்றாக அசைகிறது என்றார். கூட வந்திருந்த ஈசுவரி மதினிக்கு அது பிடிக்கவில்லை. மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தது. குழந்தை இல்லாததால் எங்கள் பிள்ளைதான் அவருக்குப் பிள்ளை.

"நல்லாப் பாத்தாகளா செல்வி? எங்க ஊர்ல ஒரு பயலுக்கு நாக்கு நரம்பை வெட்டி விட்டாக. மறுநாளே பெத்த அப்பனை வைய ஆரம்பிச்சுட்டான்."

"வையுறதுக்குன்னா வேணாம் மதினி, அதுக்குத்தான் நான் இருக்கேன்ல" என்றேன். மதினி சிரிக்கவில்லை.

அடுத்தது காது கேட்கிறதா என்று உறுதி செய்யும் சோதனை. பெரா என்று சொல்கிறார்கள். பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் அனுப்புவார்கள். மூளை அந்தச் சத்தத்தை வாங்குகிறதா என்று கம்ப்யூட்டரில் கோடு ஓடும். பிள்ளை நன்றாகத் தூங்கினால்தான் கோடு சரியாக விழுமாம். அதனால் விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து தேனி வரைக்கும் நானும் மதினியும் மாற்றி மாற்றிக் கை தட்டி, கிச்சுக்கிச்சு மூட்டி, ஜன்னலில் மாடு காட்டி, மலை காட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், என் தோளில் சாய்ந்து அழகாகத் தூங்கிவிட்டாள். உள்ளே கொண்டுபோய் முதல் ஒயரை ஒட்டியதும் முழித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மருந்தும் பலிக்கவில்லை, மந்திரமும் பலிக்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். மறுபடி அதே பஸ், அதே கைதட்டல். இரண்டாம் தடவை கோடு சரியாக விழுந்தது. காது நன்றாக இருக்கிறது என்றார்கள். சந்தோஷப்படுவதா, அப்புறம் என்னதான் என்று அழுவதா என்று தெரியாமல் வராந்தாவில் கிடந்த நீல பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணத்தைச் சொன்னது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அனு மேடம்தான். மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியிலிருந்து வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கயலோடு பல நாள் விளையாடி, ஊதச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொன்னார். அப்ராக்ஸியா. எனக்கு அது ஏதோ பூச்சி மருந்தின் பெயர் மாதிரி கேட்டது.

"பயப்படண்டாம் அம்மா" என்று தொடங்கினார். "என்ன சொல்லணும்னு மோளுக்குத் தெரியும். வாய், நாக்கு, எல்லாம் நல்ல பலமா இருக்கு. ஆனா முதல்ல உதட்டை மூடு, பின்னே திற, இப்ப சத்தம் விடுன்னு மூளை வாய்க்குச் சொல்லுமில்ல? அந்த ஏற்பாடு இவளுக்குச் சரியா அமையல. நமக்கெல்லாம் அது யோசிக்காம நடக்குது. இவ ஒவ்வொரு தடவையும் புதுசாத் தேடணும்."

அதன் பிறகு கயல் வாயை நான் கவனித்துப் பார்த்தேன். மேடம் சொன்னது அப்படியே நடந்தது. இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடும் கை மாதிரி, அவள் உதடுகள் எங்கெங்கோ போய்த் தடவின. சில சமயம் கிட்டே போய்விட்டுத் திரும்பின. அத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டு "சொல்லுடி, சொல்லு" என்று அதட்டியிருக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு தடவை வந்து போனால் இதற்குப் பிரயோஜனமில்லை, தினமும் காலையிலும் மாலையிலும் தொடர்ந்து செய்தால்தான் வாய்க்கு வழி பழகும் என்றார் மேடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தோம். பணம் எப்படிப் புரட்டினோம் என்று எழுதப்போவதில்லை, எல்லார் வீட்டிலும் அது ஒரே கதைதான். இவர் சந்தை இல்லாத நாட்களில் வந்து போவார். மதினி தன் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு மூட்டை அரிசியும் அம்மிக்கல்லும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். அம்மி எதற்கு என்றேன். "மிக்சியில அரைச்சாப் பிள்ளைக்கு ருசிக்காது" என்றார். அந்த அம்மியை மாடிப்படியில் ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

பயிற்சி தொடங்கும் நாள், முதலில் என்ன சொல் வேண்டும் என்று மேடம் கேட்டார். பிள்ளைக்குத் தினமும் தேவைப்படுகிற, சின்னச் சொல்லாக இருக்கவேண்டும். இவர் பெருந்தன்மையாக, "அம்மான்னு வைங்க" என்றார். நான் "அப்பா" என்றேன். தொலைப்பது அவர்தானே, கூப்பிட வேண்டியதும் அவரைத்தானே என்று சொன்னேன். சிரிக்கத்தான் சொன்னேன், அவர் முகம் சுருங்கிப் போனது. கடைசியில் 'வா', 'தா', 'பா' என்று மூன்றை எடுத்தார்கள்.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை அது. மேடமும் கயலும் சின்ன நாற்காலிகளில் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். "என் முகத்தைப் பாரு" என்பார் மேடம். தன் உதட்டை மூடிக் காட்டுவார். கயலின் உதட்டையும் விரலால் மெல்ல மூடிவிடுவார். இருவரும் சேர்ந்து, மிக மெதுவாக, "பா." சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கயல் ஒரு பாசிமணியை எடுத்து பாட்டிலுக்குள் போடலாம். மறுபடி. மறுபடி. மறுபடி. மேஜையில் விரலால் தட்டித் தட்டி மறுபடி. நான் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன். என் வாயும் சேர்ந்து மூடித் திறக்கும். என் உதட்டைக் கழற்றிக் கொடுத்துவிட முடிந்தால் கொடுத்திருப்பேன். ரத்தம் கேட்டால் கொடுக்கலாம், கிட்னி கேட்டால்கூடக் கொடுக்கலாம். இதில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அறைக்கு வந்தாலும் பயிற்சிதான். தண்ணீர் குடிக்கும்போது 'தா', பூனையைப் பார்த்தால் 'வா'. மதினியோடுதான் எனக்குப் பெரும்பாடு. கயல் சொம்பைப் பார்த்தாலே போதும், தண்ணீர் வந்துவிடும். கயல் கதவைப் பார்த்தால் செருப்பு வந்துவிடும்.

"கொஞ்ச நேரம் பொறுங்க மதினி, அவ முயற்சி பண்ணட்டும்."

"தாகத்துல இருக்கிற பிள்ளைகிட்ட என்னத்தா பரீட்சை?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். கொடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை, ஒரு மூச்சு விடும் நேரம் முகத்தைப் பார்த்துக் காத்திருந்துவிட்டுக் கொடுங்கள் என்றுதான் மேடமும் சொல்லியிருந்தார். மதினிக்கு அந்த ஒரு மூச்சும் தாங்காது. நான் இல்லாத நேரத்தில் சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவியிருக்கிறார். மேடம் வாசனை பிடித்துக் கண்டுபிடித்து, இனிமேல் வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து கயல், "வா" என்றாள். நான் மட்டுமில்லை, மதினியும் கேட்டார், பழக்கடைக்காரரும் கேட்டார். தெளிவாக, சாதாரணமாக, எப்போதும் பேசுகிறவள் மாதிரி. நாய் எழுந்து வந்தது. நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். மதினி தேங்காய் வாங்க ஓடினார். போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டோம்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் சனங்களுக்கு ஒரு நல்லது என்றால் நேரில் வந்து பார்த்துவிட வேண்டும். பிள்ளை பிறந்தாலும், புது வண்டி வாங்கினாலும், வண்டி எடுத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பேச்சு வந்தாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அல்வா, பன்னீர் திராட்சை, பூ. அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. கயலை நடுவில் கட்டிலில் உட்காரவைத்தார்கள்.

"எங்க, என்னைய வான்னு கூப்பிடு பாப்போம்."

"மாமாவைக் கூப்பிடு ஆத்தா, இங்கன பாரு, இங்கன."

"கூச்சப்படுறா, எல்லாரும் சும்மா இருங்கப்பா. ம், சொல்லுத்தா."

அத்தனை முகங்களும் அவள் வாயைப் பார்த்தன. அவள் முயற்சி செய்தாள். ஆசையாகத்தான் முயன்றாள், அவளுக்கும் அவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும். உதடு பிரிந்தது, இழுத்தது, பல்லில் கடிபட்டது, கன்னம் ஒரு பக்கமாகக் கோணியது. 'வா' எங்கேயும் இல்லை. நாலு நாளைக்கு முன்னால் இருந்த சொல் இருந்த தடமே இல்லாமல் போயிருந்தது. அப்ராக்ஸியாவில் அது நடக்கும் என்று மேடம் எங்களுக்குச் சொல்லியிருந்தார். இன்று வருவது நாளை வராது, மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். வேனில் வந்தவர்களுக்கு யார் அதை விளக்குவது? கயல் என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அவர்கள் அல்வாவை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு பிரியமாக வந்தவர்கள்.

அதற்குப் பிறகு கயல் வாயை மூடிக்கொண்டாள். மேடம் "என் முகத்தைப் பாரு" என்றதும் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். உதட்டில் விரல் வைத்தால் கடித்தாள். பாசிப் பாட்டிலைத் தட்டிவிட்டாள். மேடம் அவசரப்படவில்லை. "சாரமில்லா அம்மா, பரவாயில்லை" என்று தானும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார். நாட்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்திலேயே இருக்கிறது, தேவதானப்பட்டிக்குப் போய்விட்டு வருவோம் என்றார் மதினி. அங்கே அம்மன் சன்னதிக் கதவு திறப்பதில்லை. பூட்டிய கதவுக்குத்தான் மாலை, பூட்டிய கதவுக்குத்தான் தீபாராதனை. சிறு வயதில் போனபோது எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இந்தத் தடவை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது அப்படித் தோன்றவில்லை. அத்தனை கூட்டத்திலும் ஒருவர்கூட உள்ளே யாரும் இல்லை என்று நினைக்கவில்லை. கதவைத் திற என்று யாரும் இடிக்கவும் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். நானும் கையைக் கூப்பினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வாரம் இவர் வந்தார். வந்தவர் 'சொல்லு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைகால் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தன் வலது கையை நீட்டி அதன்மேல் போட்டார். கயல் பார்த்தாள். சந்தையில் அன்று பக்கத்தில் நின்று பார்த்ததால் அவளுக்கு அது தெரியும். தானும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"என்ன தரகரே, கன்னுக்குட்டி என்ன விலை?" என்றார். உள்ளே அவள் விரலை அழுத்தினார். அவள் திருப்பி அழுத்தினாள். இருவரும் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். மதினி அம்மிக்குழவியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் விரலை அழுத்தும்போதெல்லாம் இவர் "பா" என்றார். மெதுவாக, விலை சொல்கிற மாதிரி. "பா." ஓர் அழுத்தல். "பா." யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை, எங்கள் மூன்று பேர் கண்ணும் துண்டில்தான் இருந்தது. எப்போது என்று தெரியவில்லை, அவரோடு சேர்ந்து அவள் குரலும் வந்தது. கரகரவென்று, பாதி மூச்சாக, "ப்பா."

இந்தத் தடவை நாங்கள் யாருக்கும் போன் போடவில்லை.

மேடத்திடம் சொன்னபோது சந்தோஷப்பட்டு, மறுநாளே ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னார். விரல் தட்டிச் செய்வது அவர் செய்வதுதான், மேஜைக்கு மேலே தட்டியது இப்போது துண்டுக்குக் கீழே போனது, அவ்வளவே. "கை மூடியிருக்கட்டும், ஆனா முகம் மூடக்கூடாது. என் வாயைப் பாத்தாத்தான் அவ வாய் படிக்கும்" என்றார். கயல் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். துண்டு இருந்தால் ஐந்தாறு முறைக்கு ஒரு முறை "பா" வந்தது. துண்டை எடுத்தால் வராது. துண்டை மடித்துச் சின்னதாக்கினார், கைக்குட்டை ஆக்கினார், வெறும் விரல் தொடுவதாக மாற்றப் பார்த்தார். முன்னேற்றம் அங்கே நின்றுவிட்டது. சில நாள் துண்டோடும் வராது.

கடைசி நாள், எவ்வளவு முன்னேற்றம் என்று பார்க்க வீடியோ எடுத்தார்கள். துண்டு இல்லாமல், விரல் தொடாமல், படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். இவருடைய போட்டோவைக் காட்டி யார் என்று மேடம் கேட்டார். கயலுக்குத் தெரியாதா? போட்டோவை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உதடு தேடியது, தேடியது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் உதடு மூடித் திறந்து மூடித் திறந்து வலித்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு சுற்று வேண்டும், அதற்கப்புறமும் வேண்டியிருக்கலாம் என்றார் மேடம். அவர் கண்ணும் சிவந்திருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு மூட்டை கட்டினேன்.

அன்றைக்குச் சந்தை நாள். வழியில் இறங்கினால் இவரோடு சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று நாங்கள் மூன்று பேரும் பைகளோடு இறங்கினோம். அம்மியை வேனில் அனுப்பிவிட்டோம், அதையாவது செய்தோம். ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். சற்றுத் தள்ளி இவர் ஒரு பெரிய மீசைக்காரரோடு துண்டுக்குள் கை கொடுத்து நின்றிருந்தார். பின்னால் ஒரு ஜோடிக் காளை. அந்தச் சந்தையிலேயே அதுதான் நல்ல ஜோடி என்று எனக்கே தெரிந்தது.

நான் பன் வாங்கக் கடைக்குத் திரும்பினேன். மதினி இடுப்புப் பையைச் சரி செய்யப் பிள்ளையின் கையை விட்டிருக்கிறார்.

"ஏ செல்வி, பிள்ளை எங்க?"

திரும்பினேன். மாடுகளின் கால்களுக்கு நடுவே, தூரத்தில், மஞ்சள் கவுன். ஏதோ கன்றைப் பார்த்துப் போயிருக்கிறாள். கன்றைப் பிடித்துக்கொண்டு ஆள் போய்விட்டான், இவள் நின்றுவிட்டாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாங்கள் அவள் கண்ணில் படவில்லை. அவள் பக்கமாக ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நான் பன்னைப் போட்டுவிட்டு ஓடினேன். கூப்பிட வேண்டும், அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். எனக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் வாயும் அப்போது அசைந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது. உதடு மூடியது. கோணியது. மறுபடி மூடியது. ஒரு கை மட்டும் தன் இன்னொரு கையின் விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது.

"பா!"

மாட்டு மணி, லாரி, தரகர்கள் கூச்சல், அத்தனைக்கும் நடுவில் அது ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் நின்றவர்கூடத் திரும்பவில்லை.

இவர் கையை உருவினார். துண்டு சாணியில் விழுந்தது. காளைக்கும் காளைக்கும் இடையில் புகுந்து, இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். மீசைக்காரர் நீட்டிய கை நீட்டியபடியே, முகமெல்லாம் கோபமாக நின்றார்.

"என்னய்யா முருகேசா, பேசிக்கிட்டு இருக்கையிலே கையை உருவிட்டுப் போற? சபையில இது முறையா?"

இவர் அதற்குள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டிருந்தார். நின்ற இடத்திலிருந்தே, சந்தை முழுவதும் கேட்கும்படி கத்தினார்:

"எம்மக கூப்பிடுறாய்யா!"